கடனில் பங்காளி, வீட்டில் அந்நியளா?



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு சகோதரி நமது சங்க அலுவலகத்துக்கு வந்தார். நெல்லைச் சீமையில் பிறந்து, கணவர் கைபிடித்து இந்த மும்பைக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனவர். கல்யாணுக்கு அப்பால் ஒரு புறநகரில் ஒரு ரூமும் சமையல்கட்டும் கொண்ட சொந்த வீடு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, ஸ்டேஷன் வாசலில் விற்று, இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கிழியாமல் பிரித்தெடுத்து, நான்காக மடித்து, முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"அண்ணாச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

படித்தோம். வீடு ஏலத்துக்கு வருகிறது என்று எழுதியிருந்தது. மூன்று நாள் முன்பு பத்திரிகையிலும் விளம்பரம் வந்துவிட்டது. கடனாளி என்று கணவர் பெயர். ஜாமீன்தார் என்று அவர் பெயர். சொத்தின் உரிமையாளர் என்ற இடத்தில் கணவர் பெயர் மட்டும்.

"நான் எங்கே அண்ணாச்சி ஜாமீன் போட்டேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அவருக்கு மட்டுமல்ல, இந்த ஏட்டைப் படிக்கும் ஒவ்வொரு தாய்க்கும், ஒவ்வொரு கணவனுக்கும்.

நடந்தது இதுதான். 2014-இல் 14 லட்சத்துக்கு வீடு வாங்கினார்கள். முன்பணத்துக்கு அந்தச் சகோதரியின் 18 பவுன் நகை போயிற்று. மாதத் தவணையில் பாதி இட்லிக் காசு. ஆனால் பத்திரம் கணவர் பெயரில். "வீட்டுக்கு ஆம்பளை பேர்தானே போடுவாங்க" என்று யாரும் கேள்வி கேட்கவில்லை. 2019-இல் கணவர் ஒரு சிநேகிதரோடு சேர்ந்து டெம்போ தொழிலில் இறங்கினார். வீட்டின் மேலேயே இன்னொரு கடன். "பேங்க்காரன் ஒரு கையெழுத்து கேக்கான், போடு" என்றார். இங்கிலீஷில் அச்சடித்த காகிதம், இருபது இடத்தில் பென்சில் புள்ளி. புள்ளி வைத்த இடமெல்லாம் இவர் தமிழில் கையெழுத்திட்டார். அடுத்த வருஷம் ஊரடங்கில் டெம்போ நின்றது. நாலைந்து வருஷம் தட்டுத் தடுமாறித் தவணை கட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது.

கடிதங்கள் வந்தன. மனைவி பெயருக்கும் ஒரு கவர் வந்தது. கணவரே கையெழுத்துப் போட்டு வாங்கி, பரண்மேல் வைத்துவிட்டார். கதவில் முதல் நோட்டீஸ் ஒட்டியபோது சகோதரி நம்மிடம் வரத்தான் கிளம்பினார். "குடும்ப மானத்தைச் சங்கத்தில் போய் விற்காதே" என்று மைத்துனர் தடுத்தார். மானம் காக்கப்பட்டது! வீடு போயிற்று!

சட்டம் எப்படி வேலை செய்கிறது?

சர்பேசி என்று ஒரு சட்டம். 2002-இல் பாராளுமன்றம் நிறைவேற்றியது. முன்பெல்லாம் வீட்டை ஜப்தி செய்ய வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வாய்தா, வக்கீல், சாட்சி என்று காலம் ஓடும். இந்தச் சட்டம் வந்தபின் வங்கியே வாதி, வங்கியே நீதிபதி, வங்கியே அமீனா!

தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி விழுந்தால் அது வாராக்கடன். உடனே நோட்டீஸ். 60 நாளில் முழுக் கடனையும் கட்டு என்பார்கள். கட்டாவிட்டால் வீட்டைக் கைப்பற்றலாம், விற்கலாம். கைப்பற்ற உதவி வேண்டுமென்றால் மாஜிஸ்டிரேட்டிடம் மனுப் போட்டால் போலீசும் வரும். இடையில் சிவில் கோர்ட்டுக்குப் போகும் வழியை அந்தச் சட்டமே அடைத்துவிட்டது. ஏழைக்கு மிஞ்சியது கடன் மீட்புத் தீர்ப்பாயம் ஒன்றுதான். வங்கி நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் அங்கே போக வேண்டும். அங்கே தோற்று மேல் தீர்ப்பாயத்துக்குப் போனால் கடனில் பாதியைக் கட்டிவிட்டு வா என்பார்கள். மனமிரங்கினால் கால் பங்கு வரை குறைப்பார்கள்.

இன்னொரு வாசலும் இருந்தது. ஏலம் முடிந்து வீடு கைமாறும் கடைசி நிமிஷம் வரை பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்று முன்பு இருந்தது. 2016-இல் அதைத் திருத்திவிட்டார்கள். ஏல விளம்பரம் வெளியாகும் வரைதான் மீட்கும் உரிமை. 2023-இல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நம் சகோதரி வந்தது விளம்பரம் வெளியான மூன்றாம் நாள். தீர்ப்பாயத்துக்குரிய 45 நாளும் கடந்திருந்தது.

ஊரில் தகப்பனார் நிலத்தில் தம் பங்கை விற்றாவது கட்டுகிறேன் என்றார். நாம் வங்கிக்கு நடந்தோம், கெஞ்சினோம், எழுதிக் கொடுத்தோம். தேதி போய்விட்டது என்று ஒரே பதில். வீடு பதினைந்தரை லட்சத்துக்கு ஏலம் போயிற்று. கடன், வட்டி, செலவு எல்லாம் எடுத்துக்கொண்டது போக 2 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம். சட்டப்படி மிச்சம் உரியவருக்குச் சேர வேண்டும். உரியவர் யார்? பத்திரத்தில் பெயர் உள்ளவர்! பணம் கணவர் கணக்கில் விழுந்தது. டெம்போ சிநேகிதரின் பாக்கிக்கு அன்றே போயிற்று. 18 பவுன் போட்ட கைக்கு ஒரு குண்டுமணி திரும்பி வரவில்லை.

நாம் தோற்றோம். அதை மறைக்கவில்லை.

ஒரே பெண், இரண்டு கணக்கு

கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது கணவனும் மனைவியும் ஒன்று. ஜாமீன்தாரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. ஏலத்தில் வந்த பணம் கடனுக்குப் போதாமல் போயிருந்தால், அந்தச் சகோதரியின் சேமிப்புக் கணக்கையும் ஊர் நிலப் பங்கையும் தேடி வந்திருப்பார்கள். வீட்டின் உரிமையைக் கேட்கும்போதோ கணவன் வேறு, மனைவி வேறு. மீதிப் பணத்தைப் பங்கிடும்போதும் அப்படியே. கடனுக்கு மட்டும் பெண்டாட்டி, வீட்டுக்கு வழிப்போக்கி! இது என்ன நியாயம்?

இந்த நாட்டில் கல்யாணம் ஆவதால் மட்டும் ஒரு பெண்ணுக்குக் கணவன் வாங்கிய வீட்டில் ஒரு செங்கல் கூடச் சொந்தமாவதில்லை. கணவன் இறந்தால் வாரிசாக வருவாள். உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை விற்க, அடகு வைக்க அவள் சம்மதம் தேவையில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் வங்கியில் ஒப்படைத்தால் அடமானம் ஆகிவிடுகிறது. பெட்டியின் மேல் படுத்து உறங்கியவளுக்குச் செய்தி கூட இல்லை.

"ஏன், 2005-இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்ததே, மனைவியை வீட்டை விட்டு வெளியேற்ற முடியாதே" என்று படித்த தம்பிகள் கேட்பார்கள். வந்தது, நல்ல சட்டம். வீடு மாமனார் பேரில் இருந்தாலும் மருமகளுக்குக் குடியிருக்கும் உரிமை உண்டு என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த உரிமை கணவனையும் அவன் உறவினரையும் எதிர்த்து நிற்கிறது. அடமானம் வாங்கிய வங்கியின் முன் அதைக் காட்டி வீட்டைக் காப்பது மிகக் கடினம். வீடே ஏலம் போனபின் எந்த வீட்டில் குடியிருப்பது?

சட்டத்தின் கருணையையும் பாருங்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, ஜப்தி செய்யக்கூடாத பொருள்களைச் சொல்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை. அதாவது தாலியைத் தொட மாட்டார்கள். தாலி கட்டி வாழ்ந்த வீட்டைப் பூட்டுவார்கள்! நடுத்தெருவில் நின்று சோறாக்கிக் கொள்ளப் பாத்திரத்தை விட்டுவைப்பார்கள்!

பாதி தூரம் வந்த வண்டி

பெண்ணுக்குச் சொத்துரிமை என்பது நமக்கு நேற்றுப் பிறந்த பேச்சல்ல. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டது. இதே மும்பையில் வாழ்ந்து போராடிய டாக்டர் அம்பேத்கர், இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதைக் கண்டித்து 1951-இல் மந்திரி பதவியைத் துறந்தார். 1956-இன் வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் கையில் உள்ள சொத்து அவளுக்கே முழு உரிமை என்றது. 1989-இல் தமிழ்நாடு, குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005-இல் நாடு முழுவதும் அது சட்டமானது. நம் சகோதரி ஊர் நிலப் பங்கை விற்றாவது கட்டுகிறேன் என்று சொல்ல முடிந்ததே அந்தப் போராட்டங்களின் பலன்தான்.

ஆனால் வண்டி பாதியில் நிற்கிறது. பிறந்த வீட்டில் பங்கு வாங்கிக் கொடுத்தோம். வாழ்ந்து உழைத்த வீட்டில் வாங்கிக் கொடுக்கவில்லை. விவாகரத்தின்போது கணவனின் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் மசோதா ஒன்று 2013-இல் ராஜ்யசபையில் நிறைவேறியது. லோக்சபையில் நிறைவேறவில்லை, 2014-இல் சபை கலைந்ததும் மசோதாவும் காலாவதியானது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்புச் சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கு அது. வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்துக்குக் கொடுத்த பங்களிப்புதான், அவளுக்குச் சம பங்கு உண்டு என்றது. ஊரை விட்டுப் பிழைக்கப் போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொருந்தும் தீர்ப்பு. ஆனால் இது கணவன் தரப்புக்கும் மனைவிக்கும் இடையே எழுந்த வழக்கு. வங்கியைக் கட்டுப்படுத்தப் பாராளுமன்றச் சட்டம் வேண்டும்.

அது நடக்காத காரியமா? கொங்கண் ரயிலில் ஓர் இரவு பயணம் செய்தால் கோவா. அங்கே போர்த்துகீசியர் காலத்திலிருந்து வரும் சிவில் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத தம்பதிக்குச் சொத்து பொது. மனைவி சம்மதமில்லாமல் கணவன் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அங்கே வங்கிகள் மூடிப்போகவில்லை, குடும்பங்களும் கலைந்துபோகவில்லை. மட்காவ் ஸ்டேஷனில் செல்லுபடியாகும் நியாயம் கல்யாண் ஸ்டேஷனில் ஏன் செல்லாது?

சர்க்காருக்கும் இது தெரியாததல்ல. மும்பைக் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் குடும்பத் தலைவர், வாழ்க்கைத் துணை இருவர் பெயரிலும் ஒப்பந்தம் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. 2015-இல் வந்த பிரதமர் வீட்டுத் திட்டத்திலும் பெண் பெயரிலோ இருவர் பெயரிலோ வீடு வேண்டும் என்றார்கள். தானமாகக் கொடுக்கும் வீட்டில் பெண் பெயர் வேண்டும். அவள் நகையை விற்று வாங்கிய வீட்டில் வேண்டாமா?

நம்மவர்களுக்கும் சில வார்த்தை

"வாங்கிய கடனைக் கட்ட வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். கட்டத்தான் வேண்டும். கடனைத் தள்ளுபடி செய் என்று நாம் இங்கே கேட்கவில்லை. பெரிய கம்பெனி திவாலானால் வங்கிகள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வந்தது போதும் என்று பாதியும் காலும் வாங்கிக்கொண்டு கணக்கை முடிப்பதை ஊரறியும். அந்தச் சலுகை கூட நாம் கேட்கவில்லை. வீட்டை அடகு வைக்குமுன் அந்த வீட்டில் உழைத்தவளைக் கேள் என்கிறோம். அவ்வளவுதான்.

"புருஷன் பெண்டாட்டி விவகாரம் சங்கத்துக்கு எதற்கு?" என்று போன பொதுக்குழுவில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். போனஸ் கேட்கிறோம், ரேஷன் கார்டு கேட்கிறோம், தமிழ்ப் பள்ளி கேட்கிறோம். இவையெல்லாம் எதற்கு? ஒரு குடும்பம் ஒரு கூரையின் கீழ் மானத்தோடு வாழ்வதற்கு. அந்தக் கூரையே போகும்போது சங்கம் வாய்மூடி இருந்தால், சந்தா எதற்கு, சங்கம்தான் எதற்கு?

"பொம்பளை பேரில் எழுதினால் தலைக்கு ஏறும்" என்பவர்களும் நம்மில் உண்டு. தோழரே, உம்முடைய தாயார் கழுத்து நகை எத்தனை தடவை அடகுக் கடைக்குப் போய் வந்தது என்று எண்ணிப் பாரும். அவர் தலைக்கு ஏறியதா? முதலாளி நம் உழைப்பை வாங்கிக்கொண்டு கணக்கில் நம் பெயரைச் சேர்க்காவிட்டால் கொடி பிடிக்கிறோம். வீட்டுக்குள் அதே வேலையை நாம் செய்தால் அதற்கு என்ன பெயர்? ஊரில் அண்ணன் தம்பி பேரில் வீடு கட்டுவார்கள், இங்கே தன் பேரில் வாங்குவார்கள், மனைவி பெயர் வருவது நாமினி என்ற கட்டத்தில் மட்டும். நாமினி என்றால் சொந்தக்காரி இல்லை, தாய்மார்களே! அந்தக் கட்டத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

நமது கோரிக்கைகள்

1. குடும்பம் குடியிருக்கும் வீட்டை, பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், கணவன் மனைவி இருவரின் எழுத்து மூலமான சம்மதமின்றி அடமானம் வைக்கவோ விற்கவோ கூடாது என்று பாராளுமன்றம் சட்டம் செய்ய வேண்டும்.

2. கல்யாணத்துக்குப் பின் வாங்கிய குடியிருப்பு வீடு இருவருக்கும் பொது என்று சட்டம் ஏற்க வேண்டும். ஏலத்தில் மிஞ்சும் பணத்தில் பாதி மனைவி கைக்கு நேராக வர வேண்டும்.

3. கடன் பத்திரமும் நோட்டீஸும் கையெழுத்திடுபவர் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். நோட்டீஸை இருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

4. ஏலப் பணம் கைக்கு வரும் நாள் வரை வீட்டை மீட்கும் உரிமை திரும்ப வேண்டும்.

சட்டம் வரும்வரை

பாராளுமன்றம் விழிக்கும்வரை நாம் தூங்க முடியாது. இன்றே செய்யக்கூடியவை உண்டு.

வீடு வாங்கும்போதே பத்திரத்தில் இருவர் பெயரும் ஏற வேண்டும். மனைவி பெயர் பத்திரத்தில் இருந்தால் அவள் கையெழுத்தின்றி அவள் பங்கை யாரும் அடகு வைக்க முடியாது. முழுக்கப் பெண் பெயரிலேயே வாங்கினால் மகாராஷ்டிரத்தில் முத்திரைக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு; 2021 முதல் இந்தச் சலுகை இருக்கிறது. ஏற்கனவே கணவர் பெயரில் உள்ள குடியிருப்பு வீட்டில் மனைவிக்குப் பங்கை தானமாக எழுதி வைக்க இங்கே முத்திரைக் கட்டணம் 200 ரூபாய்தான். பதிவுச் செலவும் உள்ளூர் வரியும் தனி. வீட்டின் மேல் கடன் இருந்தால் முதலில் வங்கியின் சம்மதம் வேண்டும். கடன்காரரை ஏமாற்றுவதற்காகக் கடைசி நேரத்தில் எழுதி வைப்பதைக் கோர்ட் தள்ளிவிடலாம். ஆகவே நல்ல நாளிலேயே செய்யுங்கள்.

நகை கொடுத்தால் எத்தனை பவுன், என்ன தேதி, எதற்கு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கணவர் கையெழுத்தை வாங்கி வையுங்கள். சீதனம் மனைவிக்கே சொந்தம் என்று 1985-இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கையில் எழுத்து இருந்தால்தான் அதைக் காட்டிக் கேட்க முடியும்.

கணவர் ஆயுள் காப்பீடு எடுத்தால் 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி மக்கள் பெயருக்கு எடுக்கச் சொல்லுங்கள். ஏஜெண்ட் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டு வாங்க வேண்டும். கடன்காரரை ஏமாற்றுவதற்காக எடுத்த பாலிசி அல்லாதவரை அந்தப் பணத்தில் கணவரின் கடன்காரர் கை வைக்க முடியாது.

பென்சில் புள்ளி வைத்த எந்தக் காகிதத்திலும் படித்துக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். நோட்டீஸ் வந்தால் பரணில் வைக்காதீர்கள். 60 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் தந்தாக வேண்டும். கடனில் பேர் இல்லாத மனைவியும், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் போட்டுத் தொல்லை செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் உத்தரவிட்டிருக்கிறது. அதைச் சொல்லிக் கதவைச் சாத்துங்கள்.

அந்தச் சகோதரி இப்போது வாடகை ரூமில் இருக்கிறார். இன்னமும் மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிக்கிறார். ஞாயிறு மாலைகளில் சங்கத்துக்கு வந்து உட்கார்கிறார். யாராவது பெண் மடித்த காகிதத்தோடு வாசலில் தயங்கி நின்றால், "உள்ளே வா தாயி, முதல்ல தேதியப் பாப்போம்" என்று அவர்தான் எழுந்து அழைக்கிறார்.

மானம் போகும் என்று பயந்து யாரும் இனித் தாமதிக்க வேண்டாம். கவர் வந்த அன்றே வாருங்கள். கணவரையும் கூட்டி வாருங்கள். பத்திரத்தில் இருவர் பெயர் இல்லாத வீடு நம் சங்கத்து உறுப்பினர் வீடுகளில் ஒன்று கூட இருக்கக் கூடாது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். எதிர்ப்பவர்கள் மேடையேறிக் காரணம் சொல்லட்டும். தாய்மார்கள் முன்வரிசையில் இருப்பார்கள்!